கார்டில் கடைசிக் கேள்வி

மார்ச் 9

சுண்டு,

நீ போனை எடுக்கமாட்டாய். இரண்டு வருடமாக எடுக்காதவள் இன்றைக்கா எடுக்கப்போகிறாய்? அதனால் பேனாவை எடுத்தேன். கோபத்தில் எழுதுகிறேனா, பயத்தில் எழுதுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

நேற்றுச் சாயங்காலம் கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு நான் எழுந்திருக்கிற நேரத்துக்கு ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். கூட அவள் அம்மாவும் மாமாவும். உங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். பெண் கன்னத்தை ஈரத்துண்டால் மூடியிருந்தாள். துண்டை எடுத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினெட்டு வருடமாகத் தோல் பார்க்கிறவன், எதைப் பார்த்தும் பதறாதவன், நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டேன். இடது கன்னத்தில் தீப்பெட்டி அளவுக்கு மேல்தோலே இல்லை.

“இன்னும் ரெண்டு வாரத்துல கல்யாணம், டாக்டர்” என்று அம்மாக்காரி அழுகிறாள். “பார்லர்ல வேக்ஸ் பண்ணாங்க. இழுத்த உடனே தோலும் சேர்ந்து வந்துடுச்சு.”

எந்த பார்லர் என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ! “பஸ் நிலையத்துக்குப் பின்னால, படிக்கட்டுக்குக் கீழ, பச்சைக் கதவு போட்ட கடை” என்றார் மாமா. பச்சைக் கதவு. கடை திறந்த அன்று நீ அனுப்பிய போட்டோவில் அந்தக் கதவின் முன்னால்தானே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய்.

மருந்து போட்டேன். சீட்டில், “பயிற்சி இல்லாதவர் செய்த வேக்ஸிங்கால் முகத்தோல் உரிந்த காயம்” என்று எழுதிக் கொடுத்தேன். உன் பெயரை எழுதவில்லை. நீ என் தங்கை என்றும் சொல்லவில்லை.

கடையை மூடு. மின்சார அலுவலகத்தில் கவுன்டரில் உட்கார்ந்து மரியாதையாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாய். அதை உதறிவிட்டு ஊரார் முகத்தைக் கழுவப் போனாய். அப்படி என்னத்தைக் கண்டாய் அதில்? ஒரு பெண்ணின் முகத்தை உரித்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டுமா?

அண்ணன்

*

மார்ச் 13

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

தாங்கள் எழுதிய கடிதம் நேற்று வந்தது. தாங்கள் எழுதிய சீட்டு அதற்கு முந்தின நாளே வந்துவிட்டது. அது எப்படி வந்தது என்று தெரியுமா?

வெள்ளிக்கிழமை காலையில் கடை திறக்கப் போனேன். பச்சைக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பெண்ணின் மாமா நகல் எடுத்துக் கொண்டுவந்து பசை தடவி ஒட்டியிருக்கிறார். கிட்டே போய்ப் பார்த்தேன். பகீரென்றது. என்னைத் திட்டி எழுதியிருப்பதால் இல்லை, அந்தக் கையெழுத்தால். எட்டாம் வகுப்பு வரை எனக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த கை அது. நீ எழுதுகிற மருந்துச்சீட்டை மருந்துக் கடைக்காரனே பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்கவேண்டும். “பயிற்சி இல்லாதவர்” என்பதை மட்டும் தெருவுக்கே புரியும்படி குண்டு குண்டாக எழுதியிருக்கிறாய். மாமா அதன் கீழே சிவப்பில் கோடு வேறு போட்டிருக்கிறார்.

பார், கோபத்தில் “தாங்கள்” என்று ஆரம்பித்தேன். நாலு வரி தாங்கவில்லை.

பதினாலு மாதம் படித்தேன், அண்ணா. பரீட்சை எழுதினேன். பன்னிரண்டு வருடமாக இதே கைதான், இதே மேஜைதான். உனக்கு அது தெரியும். ஆனால் அண்ணியின் தங்கை கல்யாணத்தில் உன் ஆஸ்பத்திரிக்காரர்களிடம், “இவ என் தங்கை, மின்சார ஆபீஸ்ல இருக்கா” என்றாயே! நான் வேலையை விட்டுப் பதினோரு வருடம் ஆகியிருந்தது அப்போது. அன்றிலிருந்துதான் நான் போன் எடுப்பதில்லை. ஏன் எடுப்பதில்லை என்று நீயும் ஒருநாள் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அந்தப் பெண் அதற்கு முந்தின நாள்தான் முதல் தடவையாக என்னிடம் வந்தாள். கார்டு நிரப்பச் சொன்னேன். கார்டு இல்லாமல் நான் யார் முகத்திலும் கை வைப்பதில்லை. வேக்ஸுக்கு முன் பூசுகிற க்ரீமைக் காதுக்குப் பின்னால் தடவி அனுப்பி, மறுநாள் சிவந்ததா, அரித்ததா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. வேக்ஸின் சூட்டை முதலில் என் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தேன். கன்னத்துப் பூனைமுடிக்கு ஒரே ஒரு பட்டைதான் இழுத்தேன். இழுத்த கையில் ஏதோ ஈரமாக இருந்தது. துணியைத் திருப்பிப் பார்த்தேன்.

அதை என்னால் எழுத முடியவில்லை.

அவள் அழவில்லை. கண்ணாடியைக் கேட்டாள். கொடுக்க மாட்டேன் என்றேன். துணியைப் பார்த்துவிட்டு, “அக்கா, இது என் தோலா?” என்றாள். அவ்வளவு மெதுவாகக் கேட்டாள். குளிர்ந்த தண்ணீரில் துண்டை நனைத்துப் போட்டு, அவள் அம்மாவையும் மாமாவையும் வரவழைத்து, வண்டி பிடித்து, பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். நானும் வருகிறேன் என்றேன். மாமா என் கையைத் தட்டிவிட்டார்.

அவள் நிரப்பிய கார்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். நீ தோல் டாக்டர். சொல். நான் எங்கே தப்பு செய்தேன்? எனக்கு அது தெரிந்தாக வேண்டும். தெரியாமல் இன்னொரு முகத்தை நான் எப்படித் தொடுவேன்?

தங்கச்சி

*

மார்ச் 16

சுண்டு,

கதவில் ஒட்டுவார்கள் என்று நான் கனவா கண்டேன்? படித்ததும் எனக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. ஆனால் நான் எழுதியது எழுதியதுதான். காயத்தைப் பார்த்தால் எந்த டாக்டரும் அதைத்தான் எழுதுவான்.

கார்டைப் பார்த்தேன். ஒழுங்காகத்தான் வைத்திருக்கிறாய், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆறாவது கேள்வியைப் பார். “தற்போது ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?” அவள் “இல்லை” என்று எழுதியிருக்கிறாள். இங்கேதான் இருக்கிறது வினை.

கேட்டுக்கொள். பருவுக்கு ஒரு மாத்திரை உண்டு. மற்ற எல்லாம் பலிக்காதபோது மாதக்கணக்கில் கொடுப்போம். பரு போய்விடும். ஆனால் தோல் மெலிந்து, நனைந்த காகிதம் மாதிரி ஆகிவிடும். மாத்திரையை நிறுத்தினாலும் ஆறு மாதத்துக்கு வேக்ஸ் கூடாது. காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தால் ஒவ்வாமைதான் தெரியும், தோலின் பலம் தெரியாது. நீ இழுத்தபோது தோல் வந்தது என்றால், அந்தப் பெண் அந்த மாத்திரையைச் சாப்பிட்டு நிறுத்தி ரொம்ப நாள் ஆகியிருக்காது. உன் கேள்விக்கு அவள் பொய் சொல்லவில்லை. “தற்போது” சாப்பிடவில்லை, அவ்வளவுதான். “கடந்த ஆறு மாதத்தில்” என்று நீ கேட்டிருக்க வேண்டும். இதுதான் நீ தேடுகிற தப்பு.

உன் தப்பு கால்தான், போ. முக்கால் தப்பு அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்த மகானுடையது. நிறுத்தும்போது ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டாமா? “ஆறு மாசத்துக்கு வேக்ஸ் பண்ணாதேம்மா.” நாலு வார்த்தை சொல்ல வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தான்? இப்படிப்பட்ட முட்டாள்களுக்கெல்லாம் யார் பட்டம் கொடுக்கிறார்கள் என்று நினைத்தால் ரத்தம் கொதிக்கிறது. பெண் வியாழக்கிழமை மறுபடி காட்ட வருவாள். யாரிடம் மருந்து சாப்பிட்டாள் என்று கேட்டு, அவனை ஒரு கை பார்க்கிறேன்.

அது சரி, கார்டில் அந்தக் கடைசிக் கேள்வி என்ன? “கடைசியாக உங்கள் முகத்தை வேறொருவர் தொட்டது எப்போது?” இதற்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம்? படித்துச் சிரித்துவிட்டேன். உன் அண்ணியும் சிரித்தாள். அந்தப் பெண் “ஞாபகம் இல்லை” என்று எழுதியிருக்கிறாள், பாவம். வேறு என்னத்தை எழுதுவாள்?

அண்ணன்

*

மார்ச் 20

அண்ணா,

முதலில் உட்கார். நின்றுகொண்டு இதைப் படிக்காதே.

வியாழக்கிழமை அவள் உன்னிடம் வந்திருக்க மாட்டாள். அம்மாக்காரி விடவில்லை. இங்கேயே ஒரு டாக்டரிடம் கட்டுப் பிரித்தார்களாம். நேற்று மத்தியானம் நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அடி விழுந்தாலும் விழட்டும் என்றுதான் போனேன். அம்மா கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்து, சாத்திவிட்டாள். திரும்பி வரும்போது பக்கச் சந்திலிருந்து “அக்கா” என்று குரல் வந்தது. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அவள் நின்றாள்.

கல்யாணத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டில், “பொண்ணுக்குத் தோல் வியாதி இருக்கு, மறைச்சுக் கட்டப் பார்த்தாங்க” என்று பேச்சாம். அதைச் சொல்லும்போதுகூட அவள் அழவில்லை. எனக்குத்தான் கண்ணில் தண்ணீர்.

நீ சொன்ன மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். “ஆமாக்கா, எட்டு மாசம் சாப்பிட்டேன். போன மாசம்தான் நிறுத்தச் சொன்னாங்க. இப்ப சாப்பிடுறீங்களான்னுதானே கேட்டிருந்தீங்க?” என்றாள். எந்த டாக்டர் என்றேன். அவள் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். “அன்னிக்குப் போனேனே, அதே டாக்டர்தான்க்கா.”

இருக்காது என்றேன். அவள் உள்ளே போய் ஆஸ்பத்திரி நோட்டை எடுத்துவந்து கம்பி வழியாக நீட்டினாள். அன்றைக்கு அவசரத்தில் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு ஓடியிருக்கிறார்கள். எட்டுப் பக்கம், எட்டு மாதம். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு வரி. கடைசிப் பக்கத்தில் பிப்ரவரி 6 என்று தேதி போட்டு, “குணம். மாத்திரையை நிறுத்தலாம்.” அவ்வளவுதான். அதற்குக் கீழே வெள்ளைக் காகிதம்.

அந்த முட்டாள் டாக்டரின் கையெழுத்து எனக்குத் தெரியும், அண்ணா. என் கதவில் அதுதான் ஒட்டியிருக்கிறது.

மல்லாந்து படுத்துக்கொண்டு எச்சில் துப்பியிருக்கிறாய்.

ஆனால் என்னை உலுக்கியது அது இல்லை. மருந்தைப் பற்றிச் சொல்ல மறப்பது யாருக்கும் நடக்கும் என்று வைத்துக்கொள். எட்டு மாதம் மாதாமாதம் வந்த பெண் உன் எதிரே வந்து நிற்கிறாள். உனக்கு அவளைத் தெரியவில்லை! “ஏம்மா, டாக்டர்கிட்ட சொல்லலையா?” என்றேன். “அவருக்குத் தெரியாதாக்கா? அவர்தானே கொடுத்தாரு? தெரிஞ்சுதான் பேசாம இருக்காருன்னு நெனச்சேன்” என்றாள்.

கடைசிக் கேள்வியைப் பார்த்து நீயும் அண்ணியும் சிரித்தீர்களே. இப்போது மறுபடி சிரித்துப் பாருங்கள். எட்டு மாதம் தோல் டாக்டரிடம் போய்க்கொண்டிருந்த பெண், தன் முகத்தை யாராவது தொட்டதாக ஞாபகம் இல்லை என்று எழுதியிருக்கிறாள்.

மாத்திரையை நிறுத்தியபோது நீ ஒரு எச்சரிக்கை சொல்லியிருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. நான் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது இது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

சுண்டு

*

மார்ச் 23

சுண்டு,

இரண்டு நாளாகப் பேனா ஓடவில்லை. ஆஸ்பத்திரிப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். என் கையெழுத்துத்தான். எட்டுத் தடவை.

அவள் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். வரவில்லை. பரு வருகிறது. கன்னத்தில் எத்தனை, நெற்றியில் எத்தனை, எப்படிக் குறைந்தது, எல்லாம் அப்படியே கண்ணில் நிற்கிறது. முகம் வரவில்லை. எனக்கு என்னைப் பார்த்தே பயமாக இருக்கிறது.

ஒரு நாளைக்கு எண்பது பேர், சுண்டு. ஆளுக்கு மூன்று நிமிடம். மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்கள். விளக்கைத் திருப்பிப் பார்ப்பேன், எழுதுவேன், மணி அடிப்பேன். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. சாக்காகத்தான் சொல்கிறேனோ என்னவோ.

தலைமை டாக்டரிடம், “இப்படி ஒருத்தருக்கு நடந்தா என்ன பண்ணணும்?” என்று யாரோ போலக் கேட்டேன். “எழுத்துல எதையும் ஒத்துக்கக் கூடாது. விசாரணை, அது இதுன்னு வரும். வாயை மூடிக்கிட்டு இருந்தா தானா அடங்கிடும்” என்றார்.

நீ யாரிடமும் சொல்லாதே. எனக்குக் கொஞ்ச நாள் கொடு. பொண்டாட்டி, பிள்ளை, பதினெட்டு வருடப் பெயர், எல்லாம் இருக்கிறது. நீ வேண்டுமானால் வேறு ஊரில் கடை போட்டுக்கொள். இடம் நான் பார்த்துத் தருகிறேன். கதவுக்கு உனக்குப் பிடித்த பச்சையே அடித்துக்கொள்ளலாம்.

அண்ணன்

*

மார்ச் 26

அண்ணா,

வேறு ஊரா? நான் ஏன் வேறு ஊருக்குப் போகவேண்டும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நீ இலை போடுகிறாய், நான் வந்து பரிமாற வேண்டுமா?

கடையைத் திறந்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஒருவரும் வருவதில்லை. எதிர்க்கடைத் தையல்காரி, பன்னிரண்டு வருடமாக என் கையால்தான் புருவம் திருத்துவாள், இப்போது என்னைக் கண்டால் தலைக்கு மேலே முக்காடு இழுத்துக்கொண்டு போகிறாள். காகிதத்தைக் கிழித்துவிடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். கிழிக்கமாட்டேன். ஒட்டியவர் கிழிக்கட்டும், அல்லது எழுதியவர்.

அப்படி என்னத்தைக் கண்டாய் இதில் என்று கேட்டாய். கோபத்தில் அன்று பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், நேரம் நிறைய இருக்கிறது.

மின்சார அலுவலகத்தில் என் முன்னால் ஒரு கண்ணாடி. கீழே ஒரு துவாரம். ஆறு வருடம் அந்தத் துவாரத்து வழியாகக் கைகளைத்தான் பார்த்தேன். பேசுகிறவர்கள் என் தலைக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்துப் பேசுவார்கள். ஒருநாள் என்னோடு வேலை பார்த்தவள் ஒருத்தி என்னை ஒரு பார்லருக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே இருந்த அம்மாள் என் நெற்றியில் இரண்டு கையையும் வைத்தாள். ஒன்றும் செய்யவில்லை, சும்மா வைத்திருந்தாள். நான் ஓவென்று அழுதுவிட்டேன், அண்ணா! எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஒரு துக்கமும் இல்லை, ஒரு குறையும் இல்லை, எதற்கு இந்த அழுகை? வெட்கத்தில் எழுந்து ஓடப் பார்த்தேன். அவள், “படுங்க. நிறைய பேர் அழுவாங்க. ஒரு வயசுக்கு அப்புறம் நம்ம முகத்தை யாரும் தொடுறதே இல்லையே” என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். குழந்தையாக இருக்கும்போது எல்லாரும் கிள்ளுகிறார்கள், கொஞ்சுகிறார்கள். அப்புறம்? கை கொடுப்பார்கள், தோளில் தட்டுவார்கள். முகத்தை யார் தொடுகிறார்கள்? அடுத்த மாதமே வேலையை விட்டேன்.

ஒரு லாரி டிரைவர் வருகிறார். ஜன்னல் பக்கத்துக் கன்னம் வெயிலில் கருத்து, தடித்து, மற்றக் கன்னத்துக்கு அண்ணன் மாதிரி இருக்கும். மாதம் ஒரு தடவை வருவார். நான் கை வைத்த ஐந்தாவது நிமிடம் குறட்டை. எழுப்பினால், “வீட்டுல கூட இப்படித் தூக்கம் வராதும்மா” என்பார். இன்னொருத்தி பள்ளிக்கூட ஆசிரியை. முகமெல்லாம் பருத் தழும்பு. வகுப்பு போட்டோ எடுக்கும்போதெல்லாம் உயரமான பையனுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாளாம். பத்து மாதம் பார்த்தேன். தழும்பு முழுசாகப் போகவில்லை, பாதிதான் போயிற்று. போன வருடத்து போட்டோவைக் கொண்டுவந்து காட்டினாள். முன்வரிசை, நடு நாற்காலி! அன்று ராஜாங்கமே கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு. இதைத்தான் கண்டேன், போதுமா?

அதனால்தான் கார்டில் அந்தக் கேள்வி. பாதிப் பேர் சிரிப்பார்கள். பாதிப் பேர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். எப்படித் தொடவேண்டும் என்று எனக்கு அதில் தெரிந்துவிடும்.

ஆறாவது கேள்வியைத் திருத்திவிட்டேன். பழைய கார்டுகளை எல்லாம் எரித்துவிட்டுப் புதிதாக அச்சடித்தேன். நேற்று ஜன்னலுக்குப் போய், “நான் கேட்ட கேள்வி சரியில்லைம்மா, அது என் தப்பு” என்று அவளிடம் சொன்னேன். என் பங்கைச் சொல்லிவிட்டேன். உன் பங்கை நான் சொல்லமாட்டேன், பயப்படாதே. அது என் வாயால் வரக்கூடாது.

நீ ஏன் தோலைப் படித்தாய், அண்ணா? ஒருநாளும் சொன்னதில்லையே. இனிமேல் நான் எழுதவில்லை.

சுண்டு

*

ஏப்ரல் 4

அண்ணா! அண்ணா!

எழுதமாட்டேன் என்றேன். எழுதாமல் இருக்க முடியவில்லையே! என்ன காரியம் செய்திருக்கிறாய் நீ?

நேற்று ஞாயிறு, கடை லீவு. இன்று கடை திறக்க வந்தால் படிக்கட்டுக்குக் கீழே கூட்டம். கதவை உடைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். தையல்காரி என்னைப் பார்த்ததும் வழி விட்டாள். பழைய சீட்டின் மேலேயே இன்னொரு காகிதம். பசை சரியாகப் பிடிக்கவில்லை, ஓரம் எழும்பி இருந்தது. ஒட்டத் தெரியாதவன் ஒட்டியது. எழுத்து இரண்டாம் வகுப்புப் பையன் எழுதுவதுபோல, ஒவ்வொன்றும் தனித்தனியாக. நீ இப்படி எழுதி நான் பார்த்ததே இல்லை. எல்லாரும் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார்கள். நான் படித்தேனா, கேட்டேனா, தெரியவில்லை.

“இதன் கீழே ஒட்டியிருக்கும் சீட்டை எழுதியவன் நான். அது தவறு. அந்தப் பெண்ணுக்கு மருந்து கொடுத்தவன் நான். மருந்தை நிறுத்தியபோது ஆறு மாதம் வேக்ஸ் செய்யக்கூடாது என்று சொல்லாமல் விட்டவனும் நான். அவளுக்கு எந்தத் தோல் வியாதியும் இல்லை. இந்தக் கடையை நடத்துகிறவர் முறையாகப் பயிற்சி பெற்றவர். இவர் என் தங்கை.”

கீழே உன் பெயர், பதிவு எண், ஆஸ்பத்திரி, எல்லாம்.

கடைசி மூன்று வார்த்தையைத் தையல்காரி இரண்டு தடவை படித்தாள். “டாக்டர் உங்க அண்ணனா? சொல்லவே இல்லையே!” என்றாள். நான் சாவியை எங்கே போடுவது என்று தெரியாமல் பூட்டைத் தடவிக்கொண்டிருந்தேன்.

நேற்று ஊருக்கு வந்தவன் என் வீட்டுக்கு வரக்கூடாதா? ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமலா போனாய்?

இன்னும் கேள். பதினோரு மணிக்கு அந்தப் பெண் வந்தாள். தனியாக. கன்னத்தில் கட்டு இல்லை. புதுத்தோல் வந்திருக்கிறது, ரோஜா நிறத்தில், ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு. அது மங்க இன்னும் மாதங்கள் ஆகும், உனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு மே மாதம் தேதி வைத்துவிட்டார்களாம். நீ மாப்பிள்ளை வீட்டுக்கும் போய்ப் பேசினாய் என்றாள். தன் வீட்டுக்கு வந்ததையும் சொன்னாள். “என்ன நடந்தது?” என்று துளைத்துத் துளைத்துக் கேட்டேன். “எல்லாத்தையும் சொன்னாருக்கா. மாமா கொஞ்சம் கோவப்பட்டுட்டாரு” என்றாள். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. “போறதுக்கு முன்னாடி என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாருக்கா” என்றாள்.

அப்புறம் மேஜையில் ஏறிப் படுத்துக்கொண்டாள். “என்னம்மா?” என்றேன். “எண்ணெய் வேண்டாம், க்ரீம் வேண்டாம். சும்மா கையை வைங்க” என்றாள். அண்ணா, பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக என் கை வரமாட்டேன் என்றது. அந்தரத்திலேயே நிற்கிறது. அவளே என் இரண்டு கையையும் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவள் அழுதாள். எட்டாம் தேதியிலிருந்து வைத்திருந்த அழுகை.

உன்னை என்ன செய்வார்கள், அண்ணா? வேலை போய்விடுமா? பயமாக இருக்கிறது. உடனே எழுது. போனே பண்ணு. எடுக்கிறேன்.

சுண்டு

*

ஏப்ரல் 7

சுண்டு,

போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுவேன். எழுதியே பழகிவிட்டேன்.

விசாரணைக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. தலைமை டாக்டர் என்னை ஒரு மணி நேரம் திட்டினார். என்ன நடக்கும் என்று தெரியாது. நடக்கட்டும். உன் அண்ணி முதல் நாள் பேசவில்லை. இரண்டாம் நாள், “இதை முதல்லயே பண்ணியிருக்கலாமே” என்றாள்.

நான் ஏன் தோலைப் படித்தேன் என்று கேட்டாயே. சொன்னால் காறித் துப்புவாய். “தோல் எடுத்தா ராத்திரி யாரும் கதவைத் தட்டமாட்டாங்க” என்று ஒரு சீனியர் சொன்னார். படிவத்தில் டிக் அடித்துவிட்டேன். அவ்வளவுதான் என் பெரிய லட்சியம்.

இந்த மூன்று நாளும் நோயாளிகளை மேஜைக்கு இந்தப் பக்கம் உட்காரவைத்துப் பார்த்தேன். எண்பது பேர் ஓடவில்லை, முப்பத்தைந்துதான் முடிந்தது. வெளியே ஒரே கூச்சல். நேற்று ஒரு பெரியவர், ஐந்து வருடமாகத் தாடையில் படையோடு என்னிடம் வருகிறவர். தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன். அவர் அப்படியே கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். எனக்குத் திக்கென்றது. வலிக்கிறதா என்று கேட்டேன். “இல்ல டாக்டர், கையை எடுத்துடாதீங்க” என்றார். ஐந்து வருடம், சுண்டு! இந்தத் தொழிலில் இப்படி ஒன்று இருக்கிறது என்று எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரவில்லை. நீ பன்னிரண்டு வருடமாகத் தெரிந்துவைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாய்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வருகிறேன். விருந்துக்கு இல்லை. உன் மேஜையில் படுக்க. கார்டு இல்லாமல் நீ யார் முகத்திலும் கை வைக்கமாட்டாய் என்பதால், நீ அனுப்பிய நகலைப் பார்த்துக் கேள்விகளை எழுதிக்கொண்டு, நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். பொய் ஒன்றும் இல்லை.

அண்ணன்

தொழில்: தோல் டாக்டர். சுண்டுவின் அண்ணன்.

இதற்கு முன் முகத்துக்குச் செய்துகொண்டவை: சவரம் மட்டும்.

கடந்த ஆறு மாதத்தில் சாப்பிட்ட மாத்திரைகள்: ரத்த அழுத்தத்துக்கு ஒன்று. அண்ணிக்குத் தெரியாது, சொல்லிவிடாதே.

காயம் ஏதாவது உண்டா: இடது கன்னத்தில் லேசான வீக்கம் இருந்தது. வற்றிவிட்டது.

கடைசியாக உங்கள் முகத்தை வேறொருவர் தொட்டது எப்போது: போன ஞாயிறு, காலை பத்தரை மணி. அந்தப் பெண்ணின் மாமா. ஓங்கி ஒரு அறை. அதற்கு முன்னால் எப்போது என்று நான்கு நாளாக யோசிக்கிறேன். ஞாபகம் இல்லை.